தனம்மாளின் மூன்று நிமிடங்கள்

பெருங்குடியில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் மாமா ஒருவரும் நானும் காலையில் வாட்ஸப்பில் 'இன்னிக்கு என்ன கேக்கறீங்க?' என்று விசாரித்துக்கொள்வது வழக்கம். போன வாரம் அவர் அனுப்பியது வீணை தனம்மாள். கூடவே, "அந்தக் காலத்துல எவ்வளவு சுருக்கமா வாசிச்சிருக்காங்க பாருங்க" என்று ஒரு வரி.

அங்கேதான் எனக்கு இடித்தது.

தனம்மாள் (1867–1938) கொலம்பியா நிறுவனத்துக்காக வாசித்தது 1932இல். வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். சுருக்கம் அவருடையது அல்ல, தட்டினுடையது. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்களாம். அங்கே யாரும் கடிகாரம் பார்த்திருக்கப்போவதில்லை.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் இப்படித்தான். மணிக்கணக்கில் நாகஸ்வரத்தில் விரிந்த ராகம், தட்டின் இரண்டு பக்கத்துக்குள் அடங்கியது. ஆனால் அவரை நேரில் கேட்கவே வாய்க்காதவர்கள் வீட்டுக்கும் அந்தத் தட்டு போயிற்று. அதையும் சொல்லணும்.

இன்னொன்று: தட்டு சுழலும் வேகம் கொஞ்சம் கூடினாலும் சுருதி ஏறிவிடும். மாமா அனுப்பியதையும் என்னிடம் இருந்ததையும் அடுத்தடுத்துப் போட்டால், ஒரே தட்டு, இரண்டு சுருதி! எது அவர் வைத்துக்கொண்டது?

எல்லாவற்றையும் மாமாவுக்கு எழுதினேன். பதில் வந்தது: "எல்லாம் சரி. அந்த மூணு நிமிஷத்துல எங்கயாவது அவசரம் தெரியுதா, சொல்லுங்க."

மறுபடி கேட்டேன். தெரியவில்லை.