சாஹாவுக்கு ஓர் ஆய்வகம்

முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் பிறகு எல்லாம் தானாக நடக்கும் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். மேக்நாத் சாஹாவின் வாழ்க்கையைப் படித்தபோது நமக்கு அந்த நம்பிக்கைதான் முதலில் ஆட்டம் கண்டது.

1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் சாஹா. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அங்கே சில மேல்சாதி மாணவர்கள் அவருடன் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். (சாஹா சாதி இன்று மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகளில் இல்லை. அவரை 'நம்மவர்' என்று அவசரப்பட்டுச் சொந்தம் கொண்டாட வேண்டாம். ஆனால் அந்தப் பந்தி நமக்குத் தெரியாததா?)

கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, பெரும்பாலும் தானே படித்து, டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கருவிகள் சொற்பம். அமெரிக்க வானியற்பியல் இதழ் ஒன்று அவருடைய நீண்ட கட்டுரையை அச்சிட வேண்டுமானால் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்க வேண்டும் என்றது. அவரிடம் பணமில்லை. கட்டுரை பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில், வெளியுலகம் அதிகம் பார்க்காத இடத்தில் வந்தது. திறமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அச்சுக்கூலியைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

1920இல் அயனியாக்கச் சமன்பாடு வந்தது. விண்மீனின் ஒளியிலிருந்து அதன் வெப்பநிலையைக் கணிக்க வழி கிடைத்தது. அதை வைத்துத்தான் 1925இல் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் என்று காட்டினார். சாஹா லண்டனில் ஃபௌலரிடமும் பெர்லினில் நெர்ன்ஸ்டிடமும் சிலகாலம் இருந்துவிட்டுத் திரும்பினார். தன் கொள்கையைச் சோதித்துப் பார்க்கத் தேவையான கருவிகள் ஊரில் இல்லை.

1923இல் அலகாபாத் போனார். பதவி பேராசிரியர், நாளெல்லாம் வகுப்பு, ஆய்வுக்குக் கைக்காசு அளவுக்குத்தான் நிதி. 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிய பிறகுதான் மாகாண அரசு கொஞ்சம் கண் திறந்தது. 1938இல் கல்கத்தா திரும்பி, சைக்ளோட்ரான் அமைக்க இறங்கினார். அதற்காகத் தன் மாணவரை பெர்க்லிக்கு அனுப்பிப் பயிற்சி பெற வைத்தார். உலகப்போர் வந்து அந்த வேலையும் இழுத்துக்கொண்டே போனது.

1950 ஜனவரியில் அவர் உருவாக்கிய அணு இயற்பியல் நிறுவனத்தை ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்தார். அப்போது சாஹாவுக்கு வயது 56.