கல் நடுவதற்கு முந்தின நாட்கள்

டிசம்பர் பிறந்தால் கஞ்சிக்கோட்டில் நம்ம கடைக்கும் பிள்ளைகள் கொடி நாள் உண்டியலோடு வந்துவிடுவார்கள். 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். அமெரிக்காவில் போரில் இறந்தவர்களுக்காக மே மாதக் கடைசித் திங்கட்கிழமை நாடே விடுமுறை விடுகிறது. நமக்கு அப்படி ஒரு விடுமுறை கிடையாது. அதனால், நாள் எண்ணி வீரரை நினைக்கிற பழக்கமே நம்மிடம் இல்லை என்று சிலர் சொல்லுவாங்க. அது சரியல்ல.

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. எடுக்கும் வேலையைத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. நடுவது நடுகல். படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. கடைசியில் வாழ்த்து. கவனிக்கவும், கல் நடுவது நான்காவதாகத்தான் வருகிறது. அதற்கு முன் மூன்று படிகள் ஊர் சேர்ந்து செய்யும் ஆயத்தம்.

நாம் குடியிருக்கும் சேர நாட்டின் காப்பியமான சிலப்பதிகாரத்திலும் வஞ்சிக் காண்டத்துக் காதைகள் இந்தப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. கண்ணகிக்குக் கல் கொண்டுவர வடக்கே சென்ற செங்குட்டுவன், கங்கைக் கரைப் பாடியில் போரில் மடிந்தோரின் மைந்தரை அழைத்துப் பொன்னாலான வாகைப் பூ கொடுக்கிறான். அதே காதையில், வஞ்சியை விட்டு முப்பத்திரண்டு மாதம் ஆயிற்று என்று கணியன் எண்ணிச் சொல்கிறான். நாள் எண்ணுவது நமக்குப் புதிதா என்ன?

இந்தக் கற்கள் அரசர்களுக்கு மட்டும் நட்டவை அல்ல. இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று கூடலூர் ஆநிரைப் பூசலில் பட்ட அந்தவன் என்பவனுக்கு நட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயும் பெயர் பெற்றிருக்கிறது.

கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "நயினாரே, ஈ எறும்புக்கும் ஒதுங்கி நடக்கிறவங்க நீங்க. எங்களுக்கு எதுக்குக் கொடி குத்திக்கிறீங்க?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். சமணம் இல்லறத்தானுக்கு வேண்டுமென்றே செய்யும் கொலையைத்தான் அறவே விலக்குகிறது. தற்காப்பில் நேரும் விரோதி ஹிம்சையை அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை அமைத்த சாமுண்டராயர் கங்க நாட்டுப் படைத்தலைவர்தானே.

நமக்கும் நினைவுக்கல் உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை இருக்கிறது. இளையபட்டாரருக்கு 30 நாள். அங்கே நாட்களை எண்ணியே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். துறவி தன் உடம்பைத் தானே விட்டார், வீரன் பிறருக்காக விட்டான். வழி வேறு. ஆனாலும் இரண்டு பேரையும் மறக்கக் கூடாது என்றுதான் கல் நட்டார்கள்.

2019 பிப்ரவரி 25-ல் தில்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே பொறித்திருக்கின்றன. 2016 ஜனவரியில் பதான்கோட்டில் உயிர்நீத்த லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் நம்ம பாலக்காடு மாவட்டத்துக்காரர். அவர் உடல் எரியூட்டப்பட்டது மண்ணார்க்காடு பக்கத்து எளம்புலாசேரியில்.

இன்றைக்குக் கல் நட்டாயிற்று, வாழ்த்தும் நடக்கிறது. நடுவில் இருக்கும் பெரும்படைதான் நம் கையில் இருக்கிறது. கொடி நாள் நிதி முன்னாள் படைவீரர் நலனுக்கும், மடிந்தவர்களின் குடும்பத்துக்கும் போகிறது. செங்குட்டுவன் கொடுத்த பொன் வாகையும் இதுவும் ஒன்றே. டிசம்பர் 1-ஆம் தேதியே பிள்ளைகளை உட்காரவைத்து, நாளுக்கு ஒரு வீரர் கதை சொல்லுங்கள். ஏழாம் நாள் அவர்கள் கையாலேயே உண்டியலில் போடச் சொல்லுங்கள். அடுத்த தடவை அந்தப் பெரியவர் வரும்போது நான் சொல்லப்போகிற பதிலும் இதுதான்.