ஒதுக்கப்பட்ட ஒலிநாடாக்கள்: பீட்டில்ஸ் குழுவின் 1969 ஜனவரி

நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "பாடியவர்களே வேண்டாமென்று தள்ளியதை நாம் எதற்காகத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும்? காய் நறுக்கியபின் தோலைச் சேர்த்துவைப்பது போலல்லவா இருக்கிறது?" கேள்வி நியாயமானது. இரண்டு வரியில் விடை சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு.

கொல்கத்தாவில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டில், ஃப்ரீ ஸ்கூல் தெருவின் பழைய இசைத்தட்டுக் கடையொன்றில் ஒரு கேசட் வாங்கினேன். உறையில் "பீட்டில்ஸ், 1969" என்று பேனாவால் எழுதியிருந்ததைத் தவிர வேறொன்றுமில்லை. அறைக்கு வந்து கேட்டபோது முதலில் ஏமாற்றமே மிஞ்சியது. முழுமையான பாடல் ஒன்றுகூட இல்லை. பாதியில் நிற்கும் மெட்டுகள், கிட்டார் சுருதி சேர்க்கும் ஓசை, யாரோ இருமுவது, சிரிப்பு, இடையிடையே 'பீப்' என்றொரு மின்னொலி. பிறகு, எனக்கு மிகப் பிடித்த 'கெட் பேக்' பாடலின் மெட்டு வந்தது. ஆனால் சொற்கள் வேறு. பாகிஸ்தானியர் இங்கே மிகுந்துவிட்டார்கள் என்ற பொருள்பட ஒரு வரியைப் பால் மெக்கார்ட்னி பாடிக்கொண்டிருந்தார்.

கேசட்டை நிறுத்திவிட்டேன். பல ஆண்டுகளாக நேசித்த குரல் அது. துணைக்கண்டத்தில் பிறந்த எவரும் அந்த வரியைத் தனியே கேட்டால் என்ன நினைப்பாரோ அதையே நானும் நினைத்தேன். நான் நினைத்தது தவறு என்று அறிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அதை எனக்கு அறிவித்தவர்கள் இசைநிறுவனத்தாரல்லர்; களவாகக் கசிந்த ஒலிநாடாக்களைச் சேகரித்து நாள்வாரியாக அடுக்கிய சேகரிப்பாளர்களே.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடையில் விற்கும் இசைத்தட்டை அப்படியே நகலெடுத்து விற்பது திருட்டு நகல். 'பூட்லெக்' என்பது வேறு. நிறுவனம் வெளியிடவே செய்யாத மேடைக்கச்சேரிப் பதிவு, வானொலிப் பதிவு, ஒலிப்பதிவுக்கூடத்தில் கழித்துக்கட்டிய டேக்குகள் ஆகியவற்றை உரிமையின்றி வெளியிடுவது. காலணியின் உயர்ந்த தண்டுப்பகுதிக்குள் மதுக்குப்பியை ஒளித்துக் கடத்தியோரைக் குறித்த அமெரிக்கச் சொல் இது. பின்னர் இசைக்கு வந்தது. ராக் இசையில் பெரும்பெயர் பெற்ற முதல் பூட்லெக், 1969 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸில் வெளிவந்த 'கிரேட் ஒயிட் ஒண்டர்'. பாப் டிலனின் வெளிவராத பதிவுகளைத் தாங்கிய இரட்டைத் தட்டு அது. அச்சிடப்படாத வெள்ளை உறையில் வந்தது. பீட்டில்ஸ் குழுவின் முறை சில மாதங்களிலேயே வந்தது.

1969 ஜனவரி 2 அன்று நால்வரும் லண்டனின் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் கூடினார்கள். புதிய பாடல்களைப் பயின்று, பொதுமக்கள்முன் இசைப்பது திட்டம். அந்தப் பயிற்சியைப் படமாக்கும் பொறுப்பு இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் கையில். இரண்டு படக்கருவிகள், அவற்றோடு இணைந்து ஒலியைப் பதிய இரண்டு 'நாக்ரா' ஒலிப்பதிவுக் கருவிகள். ஒவ்வொரு நாடாச் சுருளும் ஏறத்தாழ 16 நிமிடம் ஓடும். ஒன்று தீரும்போது மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும். படச்சுருள் விலை மிகுந்தது, ஆகவே படக்கருவி அடிக்கடி நிறுத்தப்பட்டது. ஒலிநாடா மலிவு, ஆகவே அது ஏறக்குறைய இடைவிடாது ஓடியது. பாடல், பேச்சு, மௌனம், தேநீர் வேளை எல்லாம் அதில் விழுந்தன. என் கேசட்டில் கேட்ட 'பீப்' ஒலி, படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்துவதற்காகப் பதியப்பட்ட அடையாளம்.

அம்மாதம் நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். ஜனவரி 10 அன்று ஜார்ஜ் ஹாரிசன் குழுவைவிட்டு வெளியேறினார். சில நாள்களில் திரும்பினார். பயிற்சி சாவில் ரோ 3-ஆம் எண் கட்டடத்தின் நிலவறைக்கு மாறியது. ஜனவரி 22 முதல் பில்லி பிரஸ்டன் விசைப்பலகையில் சேர்ந்துகொண்டார். ஜனவரி 30 அன்று அக்கட்டடத்தின் மொட்டைமாடியில் இசைத்தார்கள். அதுவே பொதுவெளியில் அவர்களின் கடைசி நிகழ்ச்சி.

ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு தொகுப்பைச் செய்தார். அதன் சோதனைத் தட்டுகளில் ஒன்று அமெரிக்க வானொலி நிலையங்களை எட்டியது, 1969 செப்டம்பரில் ஒலிபரப்பானது, கேட்டவர்கள் பதிந்துகொண்டார்கள். 'கம் பேக்' என்ற பெயரில் அது பூட்லெக் தட்டாகவும் வந்துவிட்டது. நிறுவனம் 'லெட் இட் பி' தொகுப்பை வெளியிட்டது 1970 மே மாதத்தில். களவுத் தட்டு அதற்குச் சில மாதங்கள் முந்திக்கொண்டது.

அதன்பின் முப்பதாண்டுகள் நாக்ரா நாடாக்கள் துண்டுதுண்டாகக் கசிந்தன. 1970-களின் பூட்லெக் தட்டுகளுக்கு வரிசை என்பதே கிடையாது. ஜனவரி 6-இன் பேச்சுக்குப் பின் ஜனவரி 26-இன் பாடல் வரும். தலைப்புகள் விற்பவரின் கற்பனை. வேறொரு குழுவின் பாடலையே பீட்டில்ஸ் பாடல் என்று விற்றதும் உண்டு; 1970-இல் 'தி ஃபட்' என்ற பெயரில் வெளிவந்த 'ஹேவ் யூ ஹர்ட் தி வேர்ட்' அப்படிப் பல தட்டுகளில் ஏறியது.

இந்தக் குழப்பத்தில்தான் சேகரிப்பாளர்களின் உண்மையான உழைப்பு தொடங்கியது. என்னிடம் எத்தனை தட்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேறு சிலர் ஒரே பகுதியின் இரண்டு நகல்களை அருகருகே வைத்துக் கேட்டார்கள். சுருளின் தொடக்கத்தில் யாரோ சொல்லும் எண், 'பீப்' ஒலி விழும் இடம், பேச்சில் குறிப்பிடப்படும் அன்றைய செய்தி ஆகியவற்றைக் கொண்டு எது எந்த நாளைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். 1990-களில் டக் சல்பி, ரே ஷ்வைகார்ட் இருவரும் அம்மாதத்தை நாள்வாரியாக விவரித்து ஒரு நூலே எழுதினார்கள். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடில்லை.

இப்போது என் கேசட்டுக்கு வருகிறேன். அந்த வரி 1980-களில் பிரிட்டனின் பரபரப்பு நாளிதழ் ஒன்றிலும் பீட்டில்ஸ் குழுவின்மீது இனவெறிக் குற்றச்சாட்டாக வெடித்தது. துண்டாகக் கேட்டால் குற்றச்சாட்டு வலுவாகவே தோன்றும். ஆனால் அது எங்கிருந்து வந்தது? 1968 மார்ச்சில், கென்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினரைத் தடுக்கப் பிரிட்டன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. அவர்களில் பலர் கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டே இருந்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 20 அன்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பர்மிங்ஹாமில் தம் பெயர்போன உரையை ஆற்றினார். 1969 ஜனவரியிலும் நாளிதழ்களில் அந்த விவாதம் ஓயவில்லை.

நாள்வாரியாக அடுக்கிய பதிவில் ஜனவரி 9-ஐக் கேளுங்கள். மெக்கார்ட்னியும் ஜான் லெனனும் 'காமன்வெல்த்' என்று ஒரு கேலிப்பாட்டை அந்த இடத்திலேயே இட்டுக்கட்டுகிறார்கள். பவலின் பெயர் நேரடியாக வருகிறது. திரும்பிப் போங்கள் என்று குடியேறிகளைப் பார்த்துச் சொல்பவரின் குரலைப் போலிசெய்து நையாண்டி செய்கிறார்கள். அந்த நையாண்டியிலிருந்தே 'கெட் பேக்' என்ற பல்லவி வலுப்பெறுகிறது. நையாண்டி எல்லோருக்கும் நையாண்டியாகக் கேட்காது என்பதை அவர்களே உணர்ந்தார்கள் போலும். அரசியல் வரிகள் படிப்படியாக உதிர்ந்தன. ஏப்ரலில் வெளிவந்த பாடலில் பாகிஸ்தானியரும் இல்லை, பவலும் இல்லை. பல்லவி மட்டுமே நின்றது.

இதை அறிந்தபின் அந்த வரி எனக்கு இனிமையாகிவிடவில்லை. லண்டனின் தெருவில் அதே சொல்லை வசையாகக் கேட்டு நடந்த ஒரு தெற்காசியருக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. ஆனால் குற்றச்சாட்டு மாறிவிட்டது. ஒரே ஒலிதான், துண்டாகக் கேட்டபோது பகைமைக்குச் சான்றாக நின்றது, முன்னும் பின்னும் சேர்ந்தபோது பகைமையைக் கேலி செய்ததற்குச் சான்றாயிற்று.

இதற்கு நேர்மாறான இன்னொரு சான்று நம் நாட்டோடு தொடர்புடையது. 1968-இன் தொடக்கத்தில் ரிஷிகேஷில் தங்கியிருந்தபோது அவர்கள் பல பாடல்களை இயற்றினார்கள். ஊர் திரும்பி, மே மாத இறுதியில், ஈஷரிலிருந்த ஹாரிசனின் வீட்டில் அவற்றை எளிய முறையில் பதிந்துவைத்தார்கள். அவற்றுள் ஒன்று லெனனின் 'சைல்ட் ஆஃப் நேச்சர்'. ரிஷிகேஷ் செல்லும் வழியில் கண்ட கனவைப் பற்றிய பாடல். குழுவின் எந்தத் தொகுப்பிலும் அது இடம்பெறவில்லை. 1971-இல் லெனன் அதே மெட்டுக்கு முற்றிலும் வேறு சொற்களை எழுதினார். அதுவே உலகம் அறிந்த 'ஜெலஸ் கை'. கங்கைக்கரையில் பிறந்த மெட்டு அது என்பதற்கு வெளிவந்த பாடலில் தடயமே இல்லை. ஈஷர் பதிவுகள் 27-ம் முறையாக வெளிவந்தது 2018-இல். அதுவரை முதற்பாடலைப் பெரும்பாலும் பூட்லெக்கில்தான் கேட்க முடிந்தது.

ஆனால் சேகரிப்பாளரை வீரராக்கிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இந்த நாடாக்கள் எவருடைய இசைவுமின்றிக் கசிந்தவை. பலர் அவற்றால் பணம் ஈட்டினார்கள், பாடியவர்களுக்கு ஒன்றும் சேரவில்லை. அதைவிட உறுத்துவது ஜனவரி 13-இன் பதிவு. ஹாரிசன் வெளியேறியபின், உணவறையில் லெனனும் மெக்கார்ட்னியும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அங்கே ஒரு பூந்தொட்டிக்குள் ஒலிவாங்கி மறைத்துவைக்கப்பட்டிருந்தது. வரலாற்றுக்கு அந்த உரையாடல் பெரும்பேறு: ஹாரிசனை நாம் எப்படி நடத்தினோம் என்று இருவரும் தம்மையே கேட்டுக்கொள்வதை வேறெங்கும் காண முடியாது. ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் கூச்சம் எனக்கு வருகிறது. ஆய்வாளன் அந்தக் கூச்சத்தை இழந்துவிடக் கூடாது என்று கருதுகிறேன்.

நிறுவனங்களும் மெல்ல வழிக்கு வந்தன. 1995-96-இல் மூன்று 'ஆந்தாலஜி' தொகுப்புகள் ஒதுக்கப்பட்ட டேக்குகளை முறையாக வெளியிட்டன. 2003 ஜனவரியில் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் காவல்துறை நடத்திய சோதனைகளில் ஏறத்தாழ 500 நாக்ரா நாடாக்கள் மீட்கப்பட்டன. 2013-இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஐரோப்பாவின் புதிய விதிப்படி, பதிவாகி 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத ஒலிப்பதிவுகள் பாதுகாப்பை இழக்கும். வெளியிட்டால் 70 ஆண்டு உரிமை கிடைக்கும். ஆகவே அவ்வாண்டு டிசம்பரில் 59 பதிவுகள் அவசரமாக வெளிவந்தன. தொகுப்பின் பெயர்: 'பீட்டில்ஸ் பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963'. களவுப்பெயரை உரிமையாளரே சூட்டிக்கொண்டார்.

2021-இல் பீட்டர் ஜாக்சன் ஏறத்தாழ 60 மணிநேரப் படத்தையும் 150 மணிநேர ஒலியையும் கொண்டு, எட்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான 'கெட் பேக்' ஆவணப்படத்தை உருவாக்கினார். 1970-இல் வந்த படம் ஹாரிசனின் வெளியேற்றத்தைக் காட்டவேயில்லை. ஜாக்சன் காட்டினார். அவர் தேர்ந்த வடிவமும் நாட்காட்டிதான்: ஒவ்வொரு நாளாக, வரிசையாக. சேகரிப்பாளர்கள் எவ்வளவோ முன்பே கண்டடைந்த அதே வடிவம்.

எனவே நண்பருக்கு என் விடை இது. தோலை நாம் சுவைக்காகச் சேர்ப்பதில்லை. முடிந்த பாடல் எந்தெந்த வழிகளைக் கைவிட்டு வந்தது என்பதை அது சொல்லும். ஆனால் நாளும் இடமும் தெரிந்தால் மட்டுமே சொல்லும். தெரியாவிட்டால் என் கேசட்டைப் போலப் பொய்யும் சொல்லும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கேசட்டுகள் இருக்கலாம்: ஊர்க் கச்சேரியோ, தாத்தாவின் குரலோ, கல்லூரி விழாவோ. அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றப் பொழுது வாய்க்காமல் போகலாம். இன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள்: யார், எங்கே, எந்த நாள் என்பதை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள் வையுங்கள்.