மசூரி சவாய் விடுதி: ஒரு நஞ்சுச் சாவும் ஆவிக் கதையும்

இமயமலைச் சாரலில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மசூரியில் 1902-இல் திறக்கப்பட்ட சவாய் விடுதி, இந்தியாவில் ஆவி உலவுவதாகப் பேசப்படும் கட்டடங்களுள் முதல் வரிசையில் வைக்கப்படுவது. லக்னோவில் வழக்கறிஞராயிருந்த லிங்கன் என்னும் அயர்லாந்துக்காரர், பழைய பள்ளியொன்றின் வளாகத்தை வாங்கி, கூர்நுனி வளைவுகளைக் கொண்ட கோதிக் பாணியில் அதை எழுப்பினார். இருப்புப்பாதை 1900-இல் தேராதூன் வரையே வந்திருந்தமையால், கனத்த தளவாடங்கள் யாவும் அதற்கு மேல் மாட்டுவண்டிகளில் மலையேறின.

ஆவிக் கதையின் வேர் 1911-இல் இருக்கிறது. இறந்தோரின் ஆவிகளோடு பேச இயலும் என்னும் நம்பிக்கை அக்கால ஆங்கிலேயரிடையே பரவியிருந்தது. அதில் தோய்ந்த பிரான்சிஸ் கார்னெட்-ஓர்ம் என்ற 49 வயதுப் பெண்மணி இவ்விடுதி அறையில் இறந்துகிடந்தார். உடற்கூறாய்வில் தெரியவந்தது பிரஸ்ஸிக் அமிலம், அதாவது சயனைடு வகை நஞ்சு. அவருடைய தோழியான ஈவா மவுண்ட்ஸ்டீபன் மீது அலகாபாத்தில் வழக்கு நடந்து, 1912-இல் அவர் விடுவிக்கப்பட்டார். வேறெவர் மீதும் குற்றம் நிறுவப்படவில்லை. விடை கிடைக்காத அச்சாவே, தன்னைக் கொன்றவரைத் தேடி அலையும் பெண்ணுருவாகப் பின்னாளில் மாறியது.

அகதா கிறிஸ்டியின் முதல் நாவலுக்கு இவ்வழக்கே கரு என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 1920-இல் வெளிவந்த அந்நாவலில் வரும் நஞ்சு ஸ்டிரிக்னின், அதாவது எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கப்படுவது. மருந்துக் கலவையில் புரோமைடு சேரும்போது அந்நஞ்சு அடியில் படிந்து, கடைசி வேளை மருந்தை உயிர்கொல்லியாக்குகிறது. முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றிய கிறிஸ்டிக்கு இவ்வேதியியல் தொழில்வழி அறிந்த செய்தியே. நாவலின் நஞ்சை எடுத்து மசூரிச் சாவின் மேல் ஏற்றிச் சொல்வோர், நீதிமன்றத்தின் முன் வந்த நஞ்சை மறந்துவிடுகின்றனர். உண்மையாகவே உயிரிழந்த ஒருவருக்குச் செய்யும் சிறு அநீதி அது.

இக்கதையின் இரைச்சலில் இவ்விடுதியின் பெருமைக்குரிய நிகழ்ச்சியொன்று பின்தள்ளப்பட்டிருக்கிறது. மூன்றாம் ஆங்கில-ஆப்கன் போருக்குப் பிந்திய பேச்சுவார்த்தைக்காக 1920-இல் ஆப்கன் தூதுக்குழுவினர் சவாயில் தங்கியிருந்தபோது, நோயுற்ற தாயுடனும் மனைவியுடனும் ஜவாஹர்லால் நேருவும் அங்கேயே தங்கினார். தூதுக்குழுவோடு தொடர்பு கொள்ளமாட்டேன் என்று உறுதிமொழி தருமாறு அரசு கேட்டது. அவர்களைச் சந்திக்கும் எண்ணம் இல்லாதிருந்தும், அத்தகைய உறுதிமொழி தருவதை நேரு கொள்கையளவில் மறுத்தமையால் மசூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவ்வாறு அலகாபாத் திரும்பியதாலேயே, பிரதாப்கரிலிருந்து நடந்துவந்த உழவர்களைச் சந்திக்கவும் அவர்களுடைய கிராமங்களுக்குச் செல்லவும் நேர்ந்ததென்று அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.