சிவபுரத்துக்குத் திரும்பியது எந்த நடராசர்?

சோழர் செப்புத் திருமேனிகளில் செய்தவர் பெயர் இருப்பதில்லை. எந்தக் காலத்தது, எந்தக் கோயிலுடையது, அசலா நகலா என்பதையெல்லாம் உருவ அமைதியையும் ஆவணங்களையும் வைத்தே முடிவுசெய்ய வேண்டும். சிவபுரம் நடராசர் விஷயத்தில் நான் ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு தேடினேன்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து சில திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பத்தாம் நூற்றாண்டு நடராசர். ஊர்க் கோயிலுக்கு வந்த அவரை 1954இல் பழுதுபார்க்க ஒரு ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். வேலை முடிந்ததென்று நடராசர் ஒருவர் திரும்பி வந்தார்.

அதற்கடுத்த தடயம் 1965இல்தான் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட், முற்காலச் சோழர் திருமேனிகள் பற்றிய தம் நூலில், கோயிலில் இருப்பது புதிய நகல், அசல் பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார். அந்தக் குறிப்புக்குப் பிறகே போலீஸ் விசாரணை சூடுபிடித்தது. பதினோரு ஆண்டுகளாக அரசுத் தரப்பில் ஒருவரும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். செப்புத் திருமேனி வார்க்கும்போது தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் கருவை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும். அதே கருவில் இன்னொன்று வார்க்க வழியில்லை. நகல் வேண்டுமென்றால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் சடைவிரிப்பிலோ முயலகன் முகத்திலோ திருவாசியின் சுடர்களிலோ வேறுபாடு வந்தே தீரும்.

அசல் பம்பாயிலிருந்து நியூயார்க்குக்குப் போனது. 1973இல் கலிஃபோர்னியாவின் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். கடத்தி வந்ததுதான் என்று நியூயார்க் டைம்ஸ் நிருபரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுத்தார். மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் நடக்கவிருந்த அவருடைய சேகரிப்பின் கண்காட்சி இந்தியாவின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. சிலை செப்பனிடுவதற்காக லண்டனில் இருந்தபோது ஸ்காட்லாந்து யார்டு அதைக் கைப்பற்றியது. இந்திய அரசு லண்டனிலும் அமெரிக்காவிலும் வழக்குத் தொடுத்தது.

தீர்ப்பு வரவில்லை. 1976இல் சமரசம் செய்துகொண்டார்கள்: சிலை இந்தியாவுடையது, ஆனால் பத்தாண்டு சைமனின் மியூசியத்தில் இருக்கும். அசல் எது என்பதற்கான சான்றுகளை நீதிமன்றம் எடைபோட்டு எழுதியிருந்தால், பின்னால் வந்த எத்தனையோ சிலை வழக்குகளுக்கு அது உதவியிருக்கும். 1986இல் நடராசர் நாடு திரும்பினார்.