அளவு பதிவான உடல்கள், பதிவாகாத நோய்

கொச்சித் துறைமுக முகவாயிலில், சீன வலைகளுக்கு எதிரே, கூன்முதுகு ஓங்கில்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. முகவாயிலைக் கடக்கும் நீர் வில்லிங்டன் தீவின் இருபுறமும் பிரிந்து, ஒரு கிளையாக மட்டாஞ்சேரிக் கால்வாயில் நுழைகிறது. தீவுக்கு மறுபுறம், எர்ணாகுளத்தில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 1947இல் சென்னையில் தொடங்கி, மண்டபத்தில் வளர்ந்து, 1971இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்ட நிறுவனம் அது. இந்தியக் கரைகளில் ஒதுங்கிய திமிங்கலங்கள், ஓங்கில்கள் குறித்த முக்கியமான சான்றுகள் அதன் வெளியீடுகளில் உள்ளன. நாள், இடம், இனம், நீளம், பால் ஆகியவையே அச்சிறு குறிப்புகளில் பெரும்பாலும் காணப்படுபவை. உடலின் அளவு அவற்றில் தவறாமல் பதிவானது. உடலின் நோய் அரிதாகவே பதிவானது.

இவ்வேறுபாட்டின் விளைவை அமெரிக்க நிகழ்வொன்று தெளிவாக்குகிறது. 1987-88இல் அந்நாட்டின் அட்லாண்டிக் கரையோரம் 700க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் மடிந்து ஒதுங்கின. நுண்பாசியின் நஞ்சே காரணம் என முதலில் கருதப்பட்டது. சேமித்து வைத்திருந்த திசுக்களை 1990களின் நடுப்பகுதியில் மீண்டும் ஆராய்ந்தபோது, அவற்றில் மோர்பில்லி வைரஸ் வெளிப்பட்டது. மனிதரின் தட்டம்மை, மாடுகளின் வெக்கை நோய், நாய்களின் டிஸ்டம்பர் ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் இனத்தைச் சேர்ந்தது அது. 1988இல் வடகடல் பகுதியில் ஏறத்தாழ 18,000 சீல்களையும், 1990 முதல் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான வரி ஓங்கில்களையும் மாய்த்தவை இவ்வினத்து வைரஸ்களே. ஆய்வகத்தில் காத்திருந்த திசு, எழுதி முடிக்கப்பட்டதாகக் கருதிய வரலாற்றைத் திருத்தியது.

மன்னார் வளைகுடாவில் அத்தகைய திருத்தத்திற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 1973 ஜனவரி 14 அன்று மணப்பாடு கரைப்பகுதியில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே கரைப்பகுதியில் அதே இனத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 80 திமிங்கலங்கள் ஒதுங்கின. அவற்றுள் 45 மடிந்து, கடற்கரையிலேயே புதைக்கப்பட்டன. நோயுற்ற ஒன்றைப் பின்தொடர்ந்து நலமான கூட்டமும் கரையேறும் இயல்புடையவை இவை. ஆகவே ஒவ்வோர் ஒதுக்கத்திற்கும் வைரஸே காரணம் எனக் கொள்வது பிழை. எனினும் கூட்டத்தை வழிநடத்தியது நோயா, கடலடி நில அமைப்பா, ஒலியா என்பதை நீள அளவை ஒருபோதும் சொல்லாது.

1973இல் திமிங்கல இனங்களில் இவ்வைரஸ் அறியப்படவே இல்லை. அதனைத் தேடாமைக்கு அக்கால ஆய்வாளரைக் குறைகூறுவது நியாயமன்று. இன்றைய நிலை வேறு. வெப்பமண்டலக் கரையில் உடல் விரைந்து அழுகும். வைரஸின் மரபணுவும் அதனுடன் சிதையும். ஒதுங்கிய உடலிலிருந்து உடனே எடுத்து உறைநிலையில் காக்கப்படும் நுரையீரல், மூளைத் திசுக்களே வருங்கால வரலாற்றாளருக்கான ஆவணக் காப்பகம். அது இல்லாதவரை, இந்தியக் கடல்களில் கொள்ளைநோய் குறித்த ஆவணங்களின் மௌனத்தை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.