ஏரி, பேட்டை, சந்தை, ஆலை: பாரூர் வட்டாரத்தில் ஒரு சந்தை நகரம் விரிந்த வரலாறு

இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்களைப் பார்க்கச் செல்பவருக்கு வழி எளிது. நடுவே சந்தைச் சதுக்கம், அருகே தேவாலயம், எட்டும் தொலைவில் கோட்டை, சுற்றிலும் விடுதிகள் என எல்லாம் கால் மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். அங்கே சந்தை கூட்டும் உரிமை அரசரின் சாசனத்தால் கிடைத்தது. ஒரு சந்தைக்கு ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தொலைவுக்குள் இன்னொரு சந்தை எழுந்தால் அது முன்னதைக் கெடுக்கும் என்று 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன் பெயரால் வழங்கும் நூல் கணக்கிட்டது. உழவர் ஒரு நாளில் போய், விற்று, வீடு திரும்ப வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர் வட்டாரத்தில் அப்படி ஒரே இடத்தில் குவிந்த சந்தை நகரம் இல்லை. நீர் பாரூரில், கோட்டையும் பேட்டையும் கிருஷ்ணகிரியில், ஆற்றுத்துறை காவேரிப்பட்டணத்தில், வாரச்சந்தை போச்சம்பள்ளியில் என ஒரு நகரத்தின் உறுப்புகள் பல ஊர்களில் பரவிக் கிடக்கின்றன. இவற்றைத் தனித்தனி ஊர்களாகப் பார்க்காமல் ஒரே பொருளாதார உடலாகப் பார்த்தால்தான் இவ்வட்டாரத்தின் வரலாறு விளங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கால்நடையே செல்வம்

இந்நிலத்தின் குடியிருப்பு மிகப் பழமையானது. பர்கூர் வட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகள், இரும்பின் பயன்பாட்டை கி.மு. 2172 வரை பின்னுக்குக் கொண்டுசென்றன. தமிழ்நாடு அரசு 2022 மே மாதம் சட்டப்பேரவையில் இதை அறிவித்தது. வணிகத்தின் தடயத்தைத் தேடுவோருக்கு அதைவிட நேரடியான சான்று நடுகற்கள். ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுத்த கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஏராளம். மானாவாரி மேட்டு நிலத்தில் நெல்லை நம்பி வாழ முடியாது. மேய்ச்சலே சேமிப்பு. மாடும் ஆடும் உயிரைக் கொடுத்துக் காக்கும் செல்வமாக இருந்த ஊரில், கால்நடைச் சந்தை பெரிதாக வளர்ந்தது இயல்பே. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இந்த நடுகற்களைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிக்குப் போகிறவர், இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்ணாலேயே உணர்வார்.

கோட்டையின் அடியில் பேட்டை

விஜயநகரக் காலத்துக்குப் பின் இப்பகுதி பாராமகால் எனப் பெயர் பெற்றது. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் வழிகள் இதன் ஊடே சென்றதால், போர்கள் அடிக்கடி இங்கே நடந்தன. 1767இல் காவேரிப்பட்டணக் கோட்டையை மைசூரின் ஐதர் அலி கைப்பற்றினார். 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் ஆங்கிலப் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. அடிவாரப் பேட்டை வீழ்ந்தது, மலைக்கோட்டை வீழவில்லை.

இந்தச் செய்தியில் கோட்டையைவிடப் பேட்டையே நமக்கு முக்கியம். மேலே படை, கீழே வணிகர் என்பது தென்னிந்தியக் கோட்டையூர்களின் அமைப்பு. கோட்டைக்குத் தானியம், எண்ணெய், தோல், இரும்பு வேண்டும்; வணிகருக்குக் காவல் வேண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கும் சையத்பாஷா மலையில் இன்று ஏறுபவர்கள் மதிலையும் பாறைச் சுனைகளையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மேலிருந்து கீழே நோக்கினால் தெரியும் பழையபேட்டையின் நெருக்கமான தெருக்கள்தாம் இந்த வட்டாரத்தின் பழைய நிலையான வணிகக் குடியிருப்புக்குச் சாட்சி.

சுங்கம் எடுத்த கை, சுங்கம் விட்ட கை

1792 மார்ச் மாத ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னர் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் முதலில் சோதிக்கப்பட்டது. உழவர் வரியை நேரே அரசுக்குப் பணமாகச் செலுத்த வேண்டிய நிலை வந்தபோது, விளைச்சலைக் காசாக்கும் இடம் கட்டாயத் தேவையானது. வாரச்சந்தையின் முக்கியத்துவம் கூடியதற்கு வரிமுறையும் ஒரு காரணம் என்றே கொள்ள வேண்டும்.

ஒசூர்ப் பகுதி 1799இல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகே கம்பெனியின் கைக்கு வந்தது. அதாவது ஏழு ஆண்டுகள், ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இரு அரசுகளின் எல்லை ஓடியது. எல்லை மறைந்த பின்னும் உள்நாட்டுச் சரக்குகள் மீதான வழிச்சுங்கம் நீடித்தது. 1844இல் சென்னை மாகாணத்தில் அது ஒழிக்கப்பட்டபோதுதான் வண்டிகள் தடையின்றி நகர்ந்தன. அதன் பின்னர் வந்த உள்ளாட்சிச் சட்டங்கள் சந்தைகளை உள்ளாட்சி அமைப்புகளின் வருவாய் ஆக்கின. சுங்க வசூல் உரிமையை ஏலம் விடும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

திருப்பத்தூர் கிருஷ்ணகிரி இடையே 1905இல் வந்த குறும்பாதை ரயில் இரண்டாம் உலகப் போர்க்காலம் தாண்டி நிலைக்கவில்லை. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை. சரக்கு சாலையிலேயே தங்கியது. சாலையோரச் சந்தைகளும் தங்கின.

ஏரி தந்த உறுதி

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, ஒசூர் கெலவரப்பள்ளி அணை, 1957இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அணை ஆகியவற்றைக் கடந்து காவேரிப்பட்டணம் வழியாக நெடுங்கல் அணைக்கட்டுக்கு வருகிறது. அங்கிருந்து பிரியும் கால்வாய் பாரூர் பெரிய ஏரியை நிரப்புகிறது. ஆங்கில அரசின் சென்னை மாகாணப் பாசனக் கணக்குகளில் பாரூர் ஏரிக்குத் தனித் தலைப்பு உண்டு. கிழக்கு, மேற்குப் பிரதானக் கால்வாய்கள் மூலம் இன்று ஏறத்தாழ 2,400 ஏக்கர் பாசனம் பெறுகிறது.

ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இதன் பொருள் புரியும். மதகைத் தாண்டியதும் நெல் வயல், அதற்கப்பால் தென்னை, தொலைவில் மாந்தோப்பு, அதன் பின்னே வெறும் பாறைக் குன்று. நீர் எட்டும் கோடு எது என்பதைப் பயிரே காட்டிவிடும். அருகிலுள்ள அரசம்பட்டி தென்னங்கன்றுகள் பல மாவட்டங்களுக்குப் போகின்றன. ஏரியை ஒட்டி மீன்குஞ்சு உற்பத்தியும், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையமும் உள்ளன. சந்தைக்கு வாரம் தவறாமல் சரக்கு வருவதற்கு இந்த நீரே ஆதாரம்.

ஞாயிறும் வெள்ளியும்

இங்கிலாந்து மைல் கணக்கில் பிரித்ததை நம்மவர் கிழமைக் கணக்கில் பிரித்தார்கள். போச்சம்பள்ளிக்கு ஞாயிறு, கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள குந்தாரப்பள்ளிக்கு வெள்ளி. வியாபாரி ஒருவரே, சந்தைகள் பல. தீபாவளி, பக்ரீத், யுகாதி முன்வாரங்களில் கர்நாடக, ஆந்திர வியாபாரிகளும் வந்து குவிகிறார்கள். ஆட்டின் முதுகெலும்பைத் தடவி, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கி எடை மதிப்பது வாங்குபவரின் வித்தை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே பேரத்தில் கலக்கும். விடிவதற்குள் போனால்தான் ஆட்டுச் சந்தையை முழுதாகப் பார்க்க முடியும். வெயில் ஏறினால் காய்கறிக் கூட்டமே மிஞ்சும்.

ஆலை வந்த பின்

தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககாலத் தொழிற்பேட்டைகளில் ஒன்று ஒசூரில் அமைந்தது. பெங்களூருக்கு அண்மையில், தமிழக எல்லைக்குள் நிலம் என்பதே ஒசூரின் பலம். அந்த அலை கிழக்கே நகர்ந்து, 2021இல் போச்சம்பள்ளி வட்டாரத்தில் மின் ஸ்கூட்டர் ஆலையாக வந்து நின்றது. ஆலை வந்தால் சந்தை அழியும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. சம்பளக்காரர் பெருகியதும் இறைச்சிக்கும் காய்கறிக்கும் கிராக்கி கூடுகிறது. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்குவதும், ஆற்றில் கழிவு கலப்பதும் சந்தையின் வேரையே அரிக்கும். ஆலைக்கு இடம் தேடும்போது அது யாருடைய மேய்ச்சல் தரை என்று கேட்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு.

கோட்டைக்குப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதி கொடுக்கிறோம். சந்தைத் திடலுக்குக் கூரையும் குடிநீரும் கழிப்பறையும் கொடுக்கத் தயங்குகிறோம். கோட்டையை விட்டுப் படை போய்விட்டது, சந்தைக்கு மக்கள் இன்னும் வருகிறார்கள். மாவட்டச் சுற்றுலாத் திட்டத்தில் கோட்டை, ஏரி, சந்தை மூன்றையும் ஒரே வழித்தடமாகச் சேர்ப்பதும், சந்தையின் முதிய தரகர்களின் நினைவுகளைப் பதிவு செய்வதும் உடனே தொடங்க வேண்டிய பணிகள்.